பட்டறைப் பதில்கள்: உடைந்த வார்ப்பை உடனே உருக்காதீர்கள்

(சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் குடும்பத்தில் பிறந்து, பல ஆண்டுகள் மாணவர்களுக்கு உலோகச் சிற்பம் கற்பித்து ஓய்வு பெற்ற ஸ்தபதி ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார். இந்த மாதம், செய்யும் வேலை கைகூடாமல் தவிப்பவர்கள் எழுதிய கடிதங்கள்.)

உலோகச் சிற்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்றரை அடி உயரத்தில் நின்ற கோல அம்மன் செய்தேன். மெழுகு வேலைக்கே ஒரு பருவம் முழுவதும் ஆனது. வார்த்து, ஆறவிட்டு, மண்ணை உடைத்தால் இடது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. விரல்களே இல்லை. முதுகிலும் ஒரு குழி. எடுத்து உருக்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இந்தத் தொழில் எனக்கு வராதோ என்று பயமாக இருக்கிறது.
– மாணவர், மாமல்லபுரம்

தம்பி, உருக்க வேண்டாம். செம்பு எங்கும் போய்விடாது, அடுத்த வாரமும் உருகும். முதலில் அந்த அம்மனை நன்றாகக் கழுவுங்கள். மடிப்புகளில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தூரிகையால் எடுத்துவிட்டுக் காலை வெயிலில் ஒரு பலகை மேல் வையுங்கள். பிறகு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் வருத்தத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெழுகு உருவின் மேல் மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் நம் முறையில் ஒரு மெழுகுக்கு ஒரே வார்ப்புதான். மெழுகு உருகி ஓடிவிட்டது, மண் அச்சும் உடைந்துவிட்டது. ஒரு பருவத்து வேலை ஒரே மாலையில் போயிருக்கிறது. அதற்கு வருந்தாதவன் அந்த மெழுகில் கை வைத்தே இருக்க மாட்டான்.

ஆனால் அந்தக் கையில் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மணிக்கட்டில் உலோகம் நின்ற இடத்தைத் தடவிப் பாருங்கள். விளிம்பு மழுங்கி, உருண்டு, வழவழப்பாக இருந்தால் உலோகம் அந்த இடம் வரை வந்து, மேலே போகச் சூடு போதாமல் உறைந்திருக்கிறது. செம்பு உருக ஏறக்குறைய 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலையில் அந்தச் சூடு இருந்தாலும், அச்சு ஆறிப்போயிருந்தால் விரல் போன்ற மெல்லிய இடத்துக்குள் நுழைவதற்கு முன்பே உலோகம் இறுகிவிடும். வறட்டி நெருப்பிலிருந்து எடுத்த அச்சைக் குழியில் புதைத்துவிட்டு, உலோகம் உருக்கும் மூசையை எடுக்கப் போகும் நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். கையின் குறுக்கே ஒரு கோடு மாதிரி மடிப்பு தெரிந்தால் கதை வேறு. ஊற்றும்போது நடுவில் கை தயங்கி, ஓட்டம் ஒரு கணம் அறுந்திருக்கிறது.

முதுகுக் குழியை விரலால் தொட்டுப் பாருங்கள். உள்சுவர் உருண்டையாகவும் பளபளப்பாகவும் இருந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டது. காற்று வெளியேற வைத்த குழாய் அடைபட்டிருக்கும், அல்லது வைத்த இடம் சரியில்லை. உள்சுவர் சொரசொரவென்று கடற்பஞ்சு போல இருந்தால் உலோகம் ஆறும்போது சுருங்கியிருக்கிறது. தடித்த முதுகு கடைசியாக ஆறும். அதற்குத் தேவையான உலோகம் மேலிருந்து இறங்கி வர வழியில்லாமல் போயிருக்கும். மேனியில் சிறு சிறு மணிகளாகப் புடைத்திருக்கிறதா? முதல் பூச்சு மண் மெழுகோடு ஒட்டாமல் குமிழி விட்டிருக்கிறது. மெல்லிய தகடு போல ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்கிறதா? சூட்டில் அச்சு கீறியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம், தனி மருந்து. வந்த உருவை அன்று மாலையே உருக்கிவிட்டால் இவை அத்தனையும் உலையோடு போய்விடும். கையில் மிஞ்சுவது "எனக்கு வரவில்லை" என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த அச்சைத் திருத்த முடியாது.

என் தந்தையார் பட்டறையில், உலை இருக்கும் கொட்டகையின் சுவர் ஓரமாகப் பழுதான வார்ப்புகளுக்கென்று ஒரு பலகை இருந்தது. காரணம் என்ன என்று வேலை செய்தவர் வாயால் சொல்லும்வரை எதையும் உருக்க விடமாட்டார். "கெட்டுப்போச்சு" என்று சொன்னால் ஏற்கமாட்டார். "விரல் குளிர்ந்தது", "முதுகு சுருங்கியது", "வாய் சிறிசு" என்று சொல்ல வேண்டும். நான் ஆசிரியரான பிறகு வகுப்பறையிலும் அதே மாதிரி ஒரு பலகை வைத்தேன். அங்கே தேறி வந்த மாணவர்களில் பெரும்பாலோர் அந்தப் பலகையிலிருந்துதான் அதிகம் கற்றார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பென்வெனுடோ செல்லினி என்ற சிற்பி பெர்சியஸ் என்ற வீரனின் பெரிய வெண்கலச் சிலையை வார்த்த கதையை மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். வார்க்கும் நாளில் அவருக்குக் கடும் காய்ச்சல். படுக்கைக்குப் போன நேரத்தில் உலையில் உலோகம் கட்டிதட்டிவிட்டது. எழுந்து ஓடிவந்து நெருப்பைக் கூட்டினார். வீட்டில் இருந்த வெள்ளீயக் கலப்புத் தட்டுகளையும் கிண்ணங்களையும் எடுத்து உள்ளே போட்டு உலோகத்தை இளக்கினார். சிலை வந்தது. வலது பாதத்தின் விரல்கள் மட்டும் நிறையவில்லை. 1554இல் பொது இடத்தில் நிறுவப்பட்ட அந்தச் சிலை இன்றும் அங்கேயே நிற்கிறது. தட்டுகளை வீசிய இடத்தில் மாணவர்கள் கை தட்டுவார்கள். என்னைக் கவர்ந்த இடம் அது இல்லை. பாதம் சரியாக வராது என்று வார்ப்பதற்கு முன்பே அவர் தம் பிரபுவிடம் சொல்லியிருந்தார். எந்த இடத்தில் உலோகம் தடுமாறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய பழுதுகளைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவுதானே அது!

உங்களுடையது பயிற்சிக்காகச் செய்தது. கையைத் தனியே வார்த்துப் பொருத்திப் பழகலாம், அதுவும் ஒரு பாடம். வழிபாட்டுக்குரிய திருமேனி என்றால் பின்னம், அதாவது உறுப்புக் குறை, உள்ளதை நாம் கொடுப்பதில்லை. மறுபடி மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும். கடுமையான விதிதான். அந்தக் கடுமைதான் எங்கள் கைகளை வளர்த்தது.

அம்மன் எப்படி இருந்தாள் என்று எனக்கு எழுதுங்கள். படமும் அனுப்புங்கள். முதுகுக் குழி தெரிய, வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள்.

உற்சாகமே வராத நாட்களில் பட்டறையில் என்ன செய்வீர்கள்?
– வாசகர், ஈரோடு

மண் சலிப்பேன். முதல் பூச்சுக்குக் காவிரி வண்டல் வேண்டும். அதைக் காயவைத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்து வைக்க வேண்டும். ஒரு மணல் பருக்கை இருந்தால் அம்மன் கன்னத்தில் அது தழும்பாக விழும். எவ்வளவு சலித்தாலும் போதாத வேலை அது. மெழுகைத் தொட மனம் இல்லாத நாளில் மண்ணைத் தொடலாம். உங்கள் தொழிலிலும் அப்படி ஒரு வேலை கட்டாயம் இருக்கும்.

என் பாட்டி உப்பளத்தில் வேலை செய்தவர். அவரைப் பற்றி ஒரு நாவல் எழுதத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் எண்பதாவது பக்கம் வாக்கில் நின்றுவிடுகிறது. தாத்தா இறந்த பிறகு பாட்டி முதன்முதலாக உப்பளத்துக்குப் போகும் இடம் அது. எழுதியதைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறது. என்னிடம் திறமை இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?
– வாசகி, தூத்துக்குடி

நாவல் எழுதுவது என் தொழில் இல்லை, அம்மா. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் லேசாயிற்று. உங்கள் வேலை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது என்கிறீர்கள். திறமை இல்லாதவரின் வேலை ஒரு முறை பத்தாவது பக்கத்தில் நிற்கும், அடுத்த முறை நூறாவது பக்கத்தில் நிற்கும், எங்கே எதனால் நின்றது என்று அவருக்கே தெரியாது. நீங்களோ பக்கத்தைச் சொல்கிறீர்கள், காட்சியையும் சொல்கிறீர்கள். பட்டறையில் இப்படி ஒருவர் வந்து சொன்னால் பாதி வேலை முடிந்தது என்போம்.

பாட்டி உப்பளத்துக்குள் கால் வைக்கும் இடத்தில் நிற்கிறது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் அந்த உப்பளத்துக்குள் கால் வைத்திருக்கிறீர்களா? பஸ்ஸில் போகும்போது பார்த்த வெள்ளைக் குவியல்களைச் சொல்லவில்லை. விடியுமுன் பாத்திக்குள் இறங்கிய பாதத்துக்கு என்ன ஆகும், உப்பை வாரும் பலகையின் பிடி உள்ளங்கையில் எந்த இடத்தை அறுக்கும், மதிய வெயிலில் அந்த வெண்மையைப் பார்த்த கண் மாலையில் என்ன பார்க்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு வாருவது நின்றுவிடும். அந்த மாதங்களில் கடன் எங்கே வாங்குவார்கள், எப்படி அடைப்பார்கள்? முதல் எண்பது பக்கங்களுக்கு உங்கள் வீட்டுக் கதையே போதுமானதாக இருந்திருக்கும். அதற்கு மேல் எழுத உங்களிடம் இருப்பது போதவில்லை என்று நினைக்கிறேன். எழுதும் ஆற்றலைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே ஊற்ற இன்னும் உலோகம் வேண்டும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கும்பகோணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் 1880இல் அங்கே கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பெரும்படிப்புப் படித்திருந்தவர். அந்த ஆண்டே ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த நூல்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. இருபத்தைந்து வயதில், ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்துவிட்ட ஒருவருக்கு அது எப்படி வலித்திருக்கும்! பிரதி கிடைத்துப் படிக்கத் தொடங்கியபோது இன்னும் பெரிய இடர் வந்தது. சமண சமயச் செய்திகள் வரும் இடங்களில் பொருள் விளங்கவில்லை. தமிழ்ப் புலமை அங்கே துணைக்கு வரவில்லை. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீட்டுக்குப் போனார். அந்த நூலைத் தங்கள் சமய நூலாகப் போற்றிப் படித்து வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. நடுவில் ஏழு ஆண்டுகள்!

இதை நான் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். ஆசிரியர் என்ற பெருமையை வாசலில் விட்டுவிட்டு, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாரே, அதுதான் எனக்குப் பெரிது. தெரியாத இடத்தைப் பொதுவான சொற்களால் பூசி மெழுகியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

நீங்களும் போங்கள். உங்கள் பாட்டியோடு வேலை செய்தவர்கள் அங்கே இன்னும் இருப்பார்கள். குறிப்பேட்டை முதல் நாளே வெளியே எடுக்காதீர்கள், முடிந்தால் அவர்களோடு வேலை செய்யுங்கள். கிழிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நின்றுபோன எண்பது பக்கங்களையும் ஒரு பெட்டியில் வையுங்கள். எழுதித் தேறாத ஒரு பக்கத்தில்கூடப் பாட்டி திரும்பிப் பார்க்கும் ஒரு பார்வை சரியாக வந்திருக்கும், அது போனால் திரும்ப வராது.

சிற்ப நூல் சொல்லும் அளவுகளை மீறக் கூடாது என்கிறார்கள். எல்லாம் அளவுக்குள் என்றால் கலைஞனுக்கு என்ன வேலை? நகல் எடுப்பது போல இருக்கிறது. சலிப்பாக இருக்கிறது.
– இளம் சிற்பி, கள்ளக்குறிச்சி

உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. தென்னை ஓலை நறுக்கை உருவத்தின் உயரத்துக்கு வெட்டி மடித்து மடித்து அளவு குறிப்போமே, அந்த ஒடியோலையைக் கையில் எடுத்த காலத்தில் எனக்கும் அது விலங்காகத் தெரிந்தது. உருவத்தின் உயரத்தைப் பங்கு பிரிக்கும் அளவு முறைகளில் நவதாளம் என்றால் 108 பங்கு, உத்தம தசதாளம் என்றால் 124 பங்கு. முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று எல்லாம் எழுதி வைத்தாயிற்று.

தஞ்சாவூர் அரண்மனையில் உள்ள கலைக்கூடத்துக்குப் போய்த் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பாருங்கள். கல்வெட்டுச் சான்றுப்படி 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பக்கத்தில் நிற்கும் தேவி 1012. சிவபெருமான் ஒரு காலை மற்றொரு காலின் குறுக்கே ஊன்றி, காளையின் மேல் கையைப் போட்டுக்கொண்டு ஓய்வாக நிற்கிறார். காளை கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கை வெற்று வெளியில் சாய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் காளை எவ்வளவு உயரம், எவ்வளவு நெருக்கம், அதன்மேல் அவருக்கு எவ்வளவு உரிமை என்று தெரிந்துவிடும். செய்தவரும் அளவுகளை மதித்த மரபில் வந்தவர்தான். அந்தச் சாய்வை எந்த நூல் சொல்லிக்கொடுத்திருக்கும்? தோள் எங்கே இருக்க வேண்டும் என்று நூல் சொல்லும். அந்தத் தோள் எப்படித் தளர வேண்டும் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அளவைத் தேடுவதில் போகும் நேரத்தை மரபு நமக்கு மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறது. அந்த நேரம் முழுவதையும் தளர்வுக்கும் சாய்வுக்கும் செலவிடுங்கள். அப்படியும் சலித்தால் கோயிலுக்கென்று இல்லாத உருவங்களைச் செய்யுங்கள். மீன்காரம்மாவைச் செய்யுங்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைச் செய்யுங்கள். யாரும் தடுக்கவில்லை. அந்த உருவங்களுக்கும் ஒடியோலை எவ்வளவு உதவுகிறது என்று தெரிந்துகொள்வீர்கள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஓவியப் போட்டியில் பரிசு கிடைக்காததால் தூரிகைகளை உடைத்துவிட்டாள். மாதக்கணக்கில் வரையவே இல்லை. நீதான் சிறந்தவள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.
– ஒரு தாய், விழுப்புரம்

அதைச் சொல்வதை நிறுத்துங்கள், அம்மா. தன் படத்தில் எங்கோ ஒரு இடம் சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கலாம். நீங்கள் எல்லாம் அருமை என்றால், அம்மாவுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைப்பாள். அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் உனக்கே பிடிக்காத இடம் எது என்று ஒரு முறை கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தால், குறுக்கே பேசாமல் முழுவதும் கேளுங்கள். புதுத் தூரிகை உடனே வாங்கித் தர வேண்டாம். அவளாகக் கேட்கும் நாளில் நல்லதாக வாங்கித் தாருங்கள்.

நாற்பது ஆண்டுகளாகத் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். இப்போது கை நடுங்குகிறது. சுண்ணப் பசை பூசி மேடு எழுப்புவது, பொன் தாள் ஒட்டுவது, கல் பதிப்பது எல்லாம் எப்படியோ முடிகிறது. முகம் எழுத முடியவில்லை. கண் எழுதாத கிருஷ்ணர்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். என்ன செய்வேன்?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், அம்மா. எனக்கும் கை நடுக்கம் வந்துவிட்டது. திருமேனிக்குக் கண் திறப்பது எங்கள் வேலையில் கடைசிப் படி. சிற்றுளியின் முனை ஒரு மயிரிழை விலகினால் பார்வை மாறிவிடும். அந்த வேலையை நான் இப்போது செய்வதில்லை. விட்டுவிடுவது எளிதாக இல்லை. உளியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துவிட்டு எழுந்த காலைகள் உண்டு. மருத்துவரைப் பார்த்துவிட்டீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். சில நடுக்கங்களுக்கு மருந்து இருக்கிறது. வயதாகிவிட்டது என்று நாமே முடிவு செய்துகொண்டு சும்மா இருக்கக் கூடாது.

மருந்துக்குப் பிறகும் மிச்சம் இருந்தால், கண்ணை இன்னொரு கைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அது இழப்பு. இழப்பு என்று ஒப்புக்கொண்டால்தான் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க முடியும். நான் ஒரு மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கண் திறக்கச் சொன்னபோது எனக்கே புதிதாக ஒன்று தெரிந்தது. இத்தனை காலம் என் கை செய்ததை என் வாய் ஒருபோதும் சொன்னதில்லை. இமையின் மேல்கோடு எங்கே தடிக்க வேண்டும், உளியை எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும், எப்போது மூச்சை விட வேண்டும் என்று சொல் தேடித் தேடிச் சொல்ல வேண்டியிருந்தது. தேடும்போதுதான் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதே எனக்கு விளங்கியது. இளம் வயதில் இது தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன்.

மெழுகு வேலையை நான் விடவில்லை. கட்டைவிரலால் அழுத்தி எழுப்பும் தோளும் தொடையும் நடுக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. உங்களுக்கும் பசை மேடு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் ஊரில் முகம் எழுதக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் இளைஞர் ஒருவரைத் தேடுங்கள். சுவரில் சாய்ந்திருக்கும் கிருஷ்ணர்களில் சிறியதை முதலில் எடுக்காதீர்கள். சிறிய முகத்தில் தவறு செய்தால் திருத்த இடம் இருக்காது. பெரிய முகமாக ஒன்றைக் கொடுங்கள். கண்ணுக்கு முன்னால் புருவத்தை எழுதச் சொல்லுங்கள். தூரிகையின் முனை உங்களுக்குத் தெரியும் பக்கமாக நீங்கள் உட்காருங்கள்.